செவ்வாயில் மாட்டிய சாவி

உங்கள் மடிக்கணினியில் பாட்டு ஓடுகிறது, பள்ளிக் கட்டுரை திறந்திருக்கிறது, பின்னணியில் ஏதோ பதிவிறக்கம் ஆகிறது. எல்லாம் ஒன்றாக நடப்பதுபோல் தெரியும். உண்மையில் அடுத்து எந்த வேலைக்கு வாய்ப்பு என்பதை இயங்குதளம் நொடிக்குப் பல முறை முடிவு செய்துகொண்டே இருக்கிறது. அவசர வேலைக்கு முன்னுரிமை அதிகம். காத்திருக்கக் கூடியதற்குக் குறைவு.

முன்னுரிமையைச் சரியாக வகுத்தும் காரியம் கெடுமா? கெடும்.

1997 ஜூலை 4ஆம் தேதி நாசாவின் பாத்ஃபைண்டர் விண்கலம் செவ்வாயில் இறங்கியது. சில நாள்களில் அதன் கணினி தானாகவே நின்று, மறுபடி தொடங்க ஆரம்பித்தது. ஒவ்வொரு முறையும் அன்றைய மீதி வேலைகள் மறுநாளுக்குத் தள்ளிப்போயின.

நடந்தது இதுதான். தகவல்களைப் பகிர்ந்தளிக்கும் வேலைக்கு முன்னுரிமை அதிகம். வானிலைத் தகவல் சேகரிக்கும் வேலைக்குக் குறைவு. இரண்டுக்கும் பொதுவாக ஒரு ‘பூட்டு’. ஒன்று பிடித்திருந்தால் மற்றது காத்திருக்க வேண்டும். வானிலை வேலை பூட்டைப் பிடித்திருந்தபோது, நடுத்தர முன்னுரிமை வேலைகள் இடையில் புகுந்து அதை ஓடவிடாமல் செய்தன. முக்கியமான வேலை நேரத்துக்கு முடியவில்லை. அதைக் கவனித்த கட்டுப்பாட்டு நிரல், கணினியையே மறுபடி தொடங்க வைத்தது.

பள்ளியில் நினைத்துப் பாருங்கள். ஆய்வுக்கூடச் சாவிக்காகத் தலைமையாசிரியர் கீழே காத்திருக்கிறார். சாவியோடு இறங்கி வரும் முதலாம் படிவ மாணவனை, ஐந்தாம் படிவ அண்ணன்மார் படிக்கட்டில் ஓரங்கட்டி முந்துகிறார்கள். அவர்கள்மீது தப்பில்லை, தலைமையாசிரியர் காத்திருப்பது அவர்களுக்குத் தெரியாதே!

இதற்கான தீர்வை 1990இலேயே லூயி ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹோட்ஸ்கி ஆகிய மூவரும் ஆய்வுக் கட்டுரையில் விளக்கியிருந்தனர். (ராஜ்குமார், கோயம்புத்தூரில் பொறியியல் படித்தவர்.) பூட்டு வைத்திருக்கும் சின்ன வேலைக்கு, காத்திருக்கும் பெரிய வேலையின் முன்னுரிமையைத் தற்காலிகமாக இரவல் கொடுங்கள், பூட்டை விட்டதும் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அதாவது, அந்த மாணவன் சாவியை ஒப்படைக்கும்வரை தலைமையாசிரியராகவே நடத்தப்படுவான்.

பாத்ஃபைண்டரின் இயங்குதளத்தில் இந்த வசதி இருந்தது. ஆனால், அந்தப் பூட்டில் மட்டும் அது அணைந்திருந்தது. தரையிறங்கும் முன் நடந்த சோதனைகளிலும் கோளாறு தலைகாட்டியதுண்டு. மறுபடி வரவழைக்க முடியாததால் பிடிபடவில்லை. இம்முறை பொறியாளர்கள் பூமியிலிருந்த மாதிரிக் கணினியில் அதை வரவழைத்துக் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். வசதியை இயக்கும் சிறு திருத்தம் செவ்வாய்க்கு அனுப்பப்பட்டது.

தொல்லை நின்றது. 30 நாள் உழைக்கத் திட்டமிடப்பட்ட கலம், செப்டம்பர் 27 வரை தகவல் அனுப்பிக்கொண்டிருந்தது.