நியூயோர்க் நகரத்துக் காணிக்காரர்

நகரங்களைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் இரு வகையினரையே கருத்திற் கொள்வர். ஒருவர் அந்நகரத்தை ஆண்டவர். மற்றவர் அங்குள்ள மாளிகைகளை வரைந்து தந்த கட்டடக் கலைஞர். இவ்விருவருக்கும் நடுவே நிற்கும் மூன்றாமவர் ஒருவர் உண்டு. பல பேரின் கையிற் சிதறிக் கிடக்கும் காணித் துண்டுகளை ஒன்றாகத் திரட்டி, பிறர் பணத்தைக் கொணர்ந்து அதன்மேற் கொட்டுவித்து, கட்டடம் எழுந்ததும் அதனை விற்றுவிட்டு அப்பாற் செல்பவர் அவர். இலக்கியம் அவரை ஏறெடுத்துப் பார்ப்பது அரிது. பார்க்கும்போதும் கதையின் கெட்டவனாகவே அவரை நிறுத்திவிடுகிறது. இந்த இலகுவான தீர்ப்பு எனக்கு எப்போதும் உறுத்தலாகவே இருந்து வந்திருக்கிறது. பேராசையால் மட்டும் ஒரு நகரத்தை உருமாற்றிவிட முடியுமா? முடியுமாயின், நகரங்கள் யாவும் அழகாக அல்லவா இருக்க வேண்டும்! பேராசைக்கு எந்த ஊரிலும் பஞ்சமில்லையே.

இவ்வினாவுக்கு விடை தேட ஏற்ற மனிதர் வில்லியம் ஸெக்கெண்டோர்ப். 1905ஆம் ஆண்டு அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில், பாரிஸ் என்னும் பெரும் பெயர் தாங்கிய ஒரு சிற்றூரிற் பிறந்தவர். சிறு வயதிலேயே குடும்பத்தோடு நியூயோர்க் பக்கம் வந்தார். அங்குள்ள பல்கலைக்கழகத்திற் சேர்ந்து, பட்டம் பெறாமலே வெளியேறினார். பின்னர் மாமனாரொருவரின் கீழ்க் காணித் தொழிலிற் பழகினார். 1938இல் ‘வெப் அன்ட் நாப்’ என்ற ஸ்தாபனத்திற் சேர்ந்தார். அது பிறருடைய கட்டடங்களைப் பராமரிப்பதும் தரகு பெறுவதுமாக அமைதியாக நடந்து வந்த ஸ்தாபனம். 1942இல், கடற்படைச் சேவைக்குச் சென்ற செல்வந்தர் வின்சென்ற் அஸ்ரரின் சொத்துக்களை நிர்வகிக்கும் பொறுப்பு அவர்களிடம் வந்தது. அச்சொத்துக்களை விற்றும் வாங்கியும் மாற்றியும் ஸெக்கெண்டோர்ப் காட்டிய வேகம் ஊரைத் திரும்பிப் பார்க்க வைத்தது. 1949இல் ஸ்தாபனம் முழுவதும் அவர் கைக்கு வந்து சேர்ந்தது.

அவருடைய பெயரை வரலாற்றிலே பொறித்த நிகழ்ச்சி இதற்குச் சற்று முன்னர் நடந்தது. மன்ஹாட்டன் தீவின் கிழக்குக் கரையில், 42ஆம் வீதிக்கு வடக்கே, மாடறுக்கும் மடுவங்கள் வரிசையாக இருந்தன. அவற்றின் துர்நாற்றம் எத்தகையதென்பதற்கு இன்றும் நிற்கும் ஒரு சாட்சி உண்டு. அருகே 1920களில் எழுந்த ‘ரியூடர் சிற்றி’ என்ற மாடிக் குடியிருப்பின் ஆற்றை நோக்கிய பக்கத்திற் சாளரங்கள் மிகச் சிலவே. ஆற்றுக் காற்றையும் காலை வெயிலையும் விரும்பி வேண்டாமென்று சொல்லிக் கட்டிய வீடுகள் உலகில் வேறெங்கும் இருக்குமோ தெரியாது. மடுவங்கள் விலைக்கு வருகின்றன என்ற செய்தி ஸெக்கெண்டோர்ப்பை எட்டியது. சுற்றுப்புறக் காணிகளின் விலையைவிட மடுவக்காரர் கேட்ட விலை பல மடங்கு. மற்றவர்கள் கேட்டதுமே எழுந்து போயிருப்பார்கள். அவர் வேறு வகையாகக் கணக்குப் போட்டார். சுற்றுப்புறம் மலிந்து கிடப்பதற்குக் காரணமே இந்த நாற்றந்தான். மடுவம் போய்விட்டால் சுற்றுப்புறத்தின் விலை ஏறும். ஆதலால், மடுவத்துக்குக் கொடுக்கும் அதிக விலையை, அதைச் சுற்றியுள்ள மலிவான காணியை வாங்கி ஈடுசெய்துவிடலாம். தம் பெயர் வெளியே தெரியாதபடி முகவர்கள் பலரைக் கொண்டு துண்டு துண்டாக வாங்கத் தொடங்கினார்.

அங்கே ‘எக்ஸ் நகரம்’ என்றொரு மாபெரும் குடியிருப்பை எழுப்ப வேண்டுமென்பது அவர் கனவு. அதற்கான வரைபடங்களை ஆக்கியவர் வொலஸ் ஹரிசன் என்னும் கட்டடக் கலைஞர். கனவு பெரிதாக இருந்தது, பணந்தான் இருக்கவில்லை. அவ்வேளையில், 1946 டிசம்பரில், ஐக்கிய நாடுகள் சபை தன் நிரந்தர இருப்பிடத்தைத் தீர்மானிக்க வேண்டிய இறுதி நாட்கள் நெருங்கிக்கொண்டிருந்தன. பிலடெல்பியாவுக்கே அது போய்விடும் போலிருந்தது. காலையிற் பத்திரிகையிலே இதைக் கண்ட ஸெக்கெண்டோர்ப், நியூயோர்க் மாநகரத் தலைவர் ஓட்வயருக்குத் தொலைபேசியிற் பேசினார். சபை விரும்பினால் தம் காணியை எந்த விலைக்கும் தருவதாகச் சொன்னார்.

சில தினங்களின் பின், இரவு விடுதியொன்றில் தம் திருமண நாளைக் கொண்டாடிக்கொண்டிருந்தார். அங்கே அதே ஹரிசன் காணி வரைபடத்தோடு வந்து சேர்ந்தார். இம்முறை அவர் வந்தது றொக்பெல்லர் குடும்பத்தின் சார்பில். வரைபடத்தில் எல்லை குறிக்கப்பட்டது; விலை 85 இலட்சம் டொலர் என எழுதப்பட்டது. பணத்தை இளைய ஜோன் டி. றொக்பெல்லர் நன்கொடையாகக் கொடுத்தார். டிசம்பர் 14ஆந் திகதி பொதுச் சபை அதனை ஏற்றுக்கொண்டது. மாநகரம் சேர்த்துக் கொடுத்ததோடு மொத்தம் ஏறத்தாழ 17 ஏக்கர். யாழ்ப்பாணத்துக் கணக்கிற் சொன்னால் இருநூற்றெழுபது பரப்பளவு. இத்தனை நாட்டுக் கொடிகள் பறக்கும் அந்நிலத்துக்குத் தானம் செய்தவர் என்ற புகழ் றொக்பெல்லருக்குச் சேர்ந்தது, அது நியாயமானதே. ஆனால், துண்டு துண்டாகக் கிடந்ததைச் சேர்த்து வைத்த கையொன்று இல்லாதிருந்தால், கொடுப்பதற்கு அங்கே என்ன இருந்திருக்கும்? மூன்று நான்கு நாட்களில் எந்தச் செல்வந்தராலும் நகரின் நடுவே 17 ஏக்கரைத் திரட்டியிருக்க முடியாது.

அவர் கண்ட கனவுகள் யாவும் இப்படி நனவாகவில்லை. மன்ஹாட்டனின் மேற்குக் கரையிற் பல வீதிகளை மூடிக் கட்டடங்களை எழுப்பி, அவற்றின் கூரைமேல் விமான நிலையம் ஒன்றை அமைக்கலாம் என்றும் அதே 1946இல் அவர் யோசனை சொன்னார். அது நடவாமற் போனது நியூயோர்க் வாசிகளின் நல்லூழ்.

காணியைச் சேர்ப்பதில் இருந்த திறமை ஒருபுறமிருக்க, சேர்த்ததைப் பிரிப்பதிலும் அவர் வல்லவர். ஹவாய்த் தீவில் மீன்பிடித்துக்கொண்டிருந்தபோது தோன்றியதாகக் கூறி, அம்முறைக்கு ‘ஹவாய் முறை’ என்றே பெயரிட்டார். நம் நாட்டு நொத்தாரிசுமாருக்கும் காணி வழக்குகளோடு பழகியவர்களுக்கும் இது அத்துணை புதிதாகத் தோன்றாது. ஒரே வளவில் ஒருவருக்கு உறுதியும், இன்னொருவருக்கு ஒற்றியும், வேறொருவருக்குக் குத்தகையும் இருப்பதை நாம் அறிவோம். ஸெக்கெண்டோர்ப் செய்தது, இவ்வுரிமைகளை வேண்டுமென்றே தாமே பிரித்து, ஒவ்வொன்றையும் அதற்கேற்ற ஆளுக்கு விற்றமை. விளங்குவதற்காக நானே ஒரு கணக்கைத் தருகிறேன். ஆண்டுக்குப் பத்து இலட்சம் வருவாய் தரும் கட்டடமொன்றை ஒரு கோடிக்கு வாங்குவதாகக் கொள்வோம். நிலத்தை மட்டும் தனியே பிரித்து, ஆண்டுக்கு நான்கு இலட்சம் நிலவாடகை, மற்றெவருக்கும் முன்னதாகக் கிடைக்கும் என எழுதினால், அது மிகவும் பத்திரமான முதலீடாகும். நூற்றுக்கு ஐந்து வீதம் கிடைத்தாற் போதும் என்றிருக்கும் ஒரு காப்புறுதி ஸ்தாபனம் அதனை 80 இலட்சத்துக்கு வாங்கும். எஞ்சிய ஆறு இலட்சத்துக்குரிய குத்தகை உரிமை ஆபத்துக் கூடியது. பன்னிரண்டு வீதம் எதிர்பார்க்கும் துணிச்சற்காரர் அதற்கு 50 இலட்சம் கொடுப்பார். ஒரு கோடிக்கு வாங்கியது ஒரு கோடியே முப்பது இலட்சமாயிற்று. கட்டடத்தில் ஒரு செங்கல்லும் அசையவில்லை. இவற்றுள் ஒவ்வொன்றையும் மீண்டும் ஈடு வைக்கலாம். குத்தகைக்குள் உட்குத்தகையும் எழுதலாம். நியூயோர்க் பார்க் அவெனியூவின் முதலாம் இலக்கக் கட்டடத்தில் 1950களின் தொடக்கத்தில் அவர் இதனைச் செய்து காட்டினார். இன்று பெருநகரங்களிற் சாதாரணமாகிவிட்ட வழக்கம் இது.

இதில் மறைந்திருக்கும் தீங்கையும் சொல்லிவிட வேண்டும். முன்வரிசையில் நிற்பவர்க்கெல்லாம் பங்கு போன பின்னர், கடைசியில் நிற்பவருக்குக் கிடைப்பது வருங்காலம் மட்டுமே. கடைசியில் நின்றவர் பெரும்பாலும் ஸெக்கெண்டோர்ப்தாம்.

வெறும் இலாபக்காரர் செய்யாத ஒன்றை 1948இல் அவர் செய்தார். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்திற் கற்பித்துக்கொண்டிருந்த சீன இளைஞர் ஐ. எம். பெய் என்பவரை அழைத்துத் தம் ஸ்தாபனத்துக்குள்ளேயே கட்டடக் கலைப் பிரிவு ஒன்றை அமைத்தார். செலவைக் குறைப்பதற்கென்றே கட்டடக் கலைஞரை நாடும் தொழிலிலே, நல்ல வடிவம் நல்ல வியாபாரமும் ஆகும் என்று நம்பியவர் அவர். மன்ஹாட்டனின் ‘கிப்ஸ் பே’ மாடிவீடுகளும், பிலடெல்பியாவின் ‘சொசைற்றி ஹில்’ கோபுரங்களும் அக்கூட்டுறவில் விளைந்தவை. பின்னாளிற் பாரிஸ் லூவர் நூதனசாலையின் முற்றத்தில் 1989இல் திறக்கப்பட்ட கண்ணாடிக் கூம்பை ஆக்கியவர் இந்தப் பெய் அவர்களே. பெரிய அளவிற் சிந்திக்கும் பழக்கம் அவருக்கு இந்தக் காணிக்காரரிடம் பழகிய ஆண்டுகளிற் கைவந்தது எனக் கருத இடமுண்டு.

ஸெக்கெண்டோர்ப்பின் ஆக்கங்களில் நான் நேரிற் கண்டது மொன்றியல் நகரத்துப் ‘பிளாஸ் வில் மரி’. கனடாவிற் குடியேறிய நம்மவர் பலர் வாழும் அந்நகரில், மாரிகாலத்தில் என் உறவினர் ஒருவர் என்னை அழைத்துச் சென்றார். வெளியே உறைபனி, உள்ளே, நிலத்தின்கீழ், கடைகளும் நடைபாதைகளும் வெளிச்சமும். சிலுவை வடிவிலே உயர்ந்து நிற்கும் அந்தக் கோபுரத்தைவிட, அதன் அடியில் மேலங்கியைக் கழற்றிக் கையிற் போட்டுக்கொண்டு நடந்த மக்களே என்னைக் கவர்ந்தனர். இக்கோபுரம் நிற்கும் இடம் பல்லாண்டு காலம் நகரின் நடுவே வெறும் பள்ளமாகக் கிடந்தது. மலையைக் குடைந்து புகையிரதப் பாதை அமைத்தபோது தோண்டிய பள்ளம். 1918இற் சுரங்கப் பாதை திறந்த பின்னரும் மூடப்படாமற் கிடந்தது. நிலம் கனடிய தேசியப் புகையிரத ஸ்தாபனத்துக்குரியது. உள்ளூர் முதலாளிகள் எவரும் துணியாத நிலையில், நியூயோர்க்கிலிருந்து வந்து ஸெக்கெண்டோர்ப் அதனை ஏற்றார். கனடாவின் மிகப் பெரிய வங்கியாக அன்றிருந்த றோயல் வங்கியை, பழைய வங்கி வீதியை விட்டு அங்கே வரச் சம்மதிக்கவைத்தார். பெய்யின் பங்காளர் ஹென்றி கொப் வரைந்த அக்கட்டடம் 1962 செப்டெம்பரில் திறக்கப்பட்டது. மொன்றியலின் நிலக்கீழ் நகரம் அங்கேதான் வித்திடப்பட்டது. இன்று அதன் வழிகள் 30 கிலோமீற்றருக்கும் மேல் நீள்கின்றன.

இவ்வளவையும் புகழ்ந்த நான் வாஷிங்டனை மறைத்துவிட்டால் அது நேர்மையாகாது. அந்நகரின் தென்மேற்குப் பகுதியைப் புதுக்கும் திட்டத்தை 1954இல் முன்வைத்தவர்கள் ஸெக்கெண்டோர்ப்பும் பெய்யுமே. அங்கு வாழ்ந்த ஏறத்தாழ 23,000 பேரில் மிகப் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். சேரி ஒழிப்பு என்ற பெயரால் வீடுகளும் கோயில்களும் கடைகளும் இடிக்கப்பட்டன. தம் கடை சேரியன்று, அதை எடுக்கலாகாது என்று கடைக்காரர் தரப்பில் வழக்காடியும், அதே ஆண்டில் அமெரிக்க உயர் நீதிமன்றம் ஒருமனதாக அரசின் பக்கமே தீர்ப்பளித்தது. புதிதாக எழுந்த வீடுகளின் வாடகை பழைய குடிகளுக்கு எட்டாதது. சட்டத்தை இயற்றியதும் நிலத்தை எடுத்ததும் அரசுதான். ஸெக்கெண்டோர்ப் தனியே குற்றவாளியல்லர். எனினும், மடுவத்தைச் சுற்றி ஒவ்வொரு துண்டையும் விலை பேசி வாங்கிய அதே மனிதருக்கு இங்கே விலை பேசும் தேவையே இருக்கவில்லை. விற்க மறுக்கும் உரிமை இல்லாதவரிடம் காணி சேர்ப்பதை நான் திறமை என்று ஒத்துக்கொள்ளமாட்டேன். அத்திட்டத்தின் மணிமுடியாக அவர் எண்ணிய ‘லான்வன்ற் பிளாசா’வையும் கட்டி முடிக்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. அதை வேறொருவர் கையில் விட்டுச் செல்ல நேர்ந்தது.

காரணம் பணமுடை. 1960இல் நியூயோர்க்கின் புறத்தே ‘பிரீடம்லான்ட்’ என்ற கேளிக்கைப் பூங்கா திறக்கப்பட்டது; நான்கே ஆண்டுகளில் அது மூடப்பட்டது. லொஸ் ஏஞ்சல்சில் ஒரு சினிமா ஸ்தாபனத்தின் படப்பிடிப்பு நிலத்தை வாங்கி ‘செஞ்சுரி சிற்றி’யைத் தொடங்கினார்; அதன் பலனும் அலுமினியக் கம்பனி ஒன்றுக்கே போய்ச் சேர்ந்தது. பழைய கடனை அடைக்கப் புதிய கடன். அதற்கு நூற்றுக்கு 20 வீதத்துக்கு மேலும் வட்டி. ஒரு திட்டம் முடியுமுன் மூன்றைத் தொடங்குவது அவர் இயல்பு. தேக்குப் பலகை வேய்ந்த வட்ட வடிவ அலுவலகத்தில் இருந்து ஓயாது தொலைபேசியிற் பேசிக்கொண்டிருந்த அவர், பிறர் கண்ணுக்குச் சக்கரவர்த்தி. கணக்குப் புத்தகத்திலோ, வெள்ளிக்கிழமைச் சம்பளத்துக்கு அல்லற்படும் கடனாளி. 1965 மே மாதத்தில் ‘வெப் அன்ட் நாப்’ முறிந்தது. 1968இல் அவரும் வங்குரோத்தானார். 1970இல் எட்வேட் மக்கிறீரி என்பவரோடு சேர்ந்து எழுதிய சுயசரிதையில், தம் வீழ்ச்சியை ஓர் ஆட்டக்காரன் தோற்ற ஆட்டத்தை விவரிப்பது போலவே விவரிக்கிறார். வருத்தம் சிறிது உண்டு, கழிவிரக்கம் இல்லை. 1976இற் காலமானார்.

மகனும் பேரர்களும் அதே தொழிலைத் தொடர்ந்தனர். நியூயோர்க் மத்திய பூங்காவின் மேற்கே 2008இல் நிறைவெய்திய, பெருஞ் செல்வர்களுக்கான மாடிமாளிகை ஒன்று பேரர்களின் கைவண்ணம். பாட்டனாரின் பெயரோ அவர் எழுப்பிய கட்டடங்கள் எவற்றிலும் நிலைக்கவில்லை. மொன்றியற் கோபுரத்துக்குப் பணம் போதாமற் போனபோது, 1960இல், ஆங்கிலேய ஸ்தாபனங்கள் இரண்டு பங்காளிகளாகச் சேர்ந்தன. அம்மூவரின் கூட்டுக்கு ‘ட்றைசெக்’ என்று பெயர் வைத்தனர். ‘ட்றை’ மூவரைக் குறிக்கும். அடுத்துவரும் ஆங்கில எழுத்துக்கள் மூன்றும் ஸெக்கெண்டோர்ப், ஈகிள் ஸ்டார், கவன்ற் கார்டன் என்பவற்றின் முதலெழுத்துக்கள். அவர் போண்டியாகி, மறைந்து, முப்பது ஆண்டுகள் கழிந்த பின்னும் அந்தக் கம்பனி வட அமெரிக்காவெங்கும் கட்டடங்கள் வைத்திருந்தது. 2006இல் ‘புறூக்பீல்ட்’ அதனை விலைக்கு வாங்கியது. அந்த ஓரெழுத்தும் அத்தோடு போயிற்று.