ஆண்டுதோறும் கை கேட்கும் சுவர்

மாலி நாட்டு ஜென்னே நகரில் மழைக்காலம் வருவதற்குள் ஒருநாள் ஊரே சேற்றில் இறங்கிவிடும். பெரிய பள்ளிவாசலுக்கு அன்று பூச்சு வேலை. அதற்கான சேறு முன்கூட்டியே குழிகளில் ஊறத் தொடங்கியிருக்கும். மண்ணோடு உமி, தவிடு கலந்து புளிக்கவிடுகிறார்கள். சிறுவர்கள் குழிக்குள் குதித்து விளையாட, சேறு தானாகக் குழைகிறது. பூச்சு நாளன்று இளைஞர்கள் கூடை கூடையாகச் சேறு சுமந்து ஓடுகிறார்கள், பெண்கள் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுகிறார்கள். சுவரில் கொத்துக் கொத்தாக நீட்டிக்கொண்டிருக்கும் பனங்கழிகள் தூரத்துப் பார்வைக்கு அலங்காரம். கொத்தனார்களுக்கு அவையே சாரம். அவற்றில் ஏறி நின்று வெறுங்கையால் சேற்றை அப்பித் தேய்க்கிறார்கள்.

இப்போது நிற்கும் கட்டடம் 1907இல் முடிந்தது. ஒரு நூற்றாண்டைத் தாண்டி நிற்கும் இந்தச் சுவர்களில் சுட்ட செங்கல் இல்லை. எல்லாம் வெயிலில் காய்ந்த பச்சைக்கல்.

வெறும் மண் எப்படி இத்தனை உயரம் நிற்கிறது? மண்ணில் மணல் எலும்பு என்றால் களிமண் பசை. நீர் வற்ற வற்றக் களி சுருங்கி மணலை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். களி மிஞ்சினால் சுவர் வெடிக்கும், குறைந்தால் உதிரும். வைக்கோலும் உமியும் வெடிப்பு ஓடாமல் தடுக்கும். ஆனால் சுடாத மண் ஆயிற்றே, தண்ணீர் பட்டால் பழையபடி சேறுதான். 2009 நவம்பர் 5 அன்று ஜென்னேயில் அது நடந்தது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் மழை கொட்டியதில் பள்ளிவாசலின் தெற்குக் கோபுரத்தின் மேற்பகுதி சரிந்து விழுந்தது.

இந்தத் தொல்லை வேண்டாமென்று சிமென்ட் பூசிவிட்டால்? அதுதான் மண்சுவருக்குச் செய்யும் பெரிய கெடுதல். மண்சுவர் ஈரத்தை வாங்கும், வெயில் வந்ததும் விட்டுவிடும். சிமென்ட் பூச்சு அதன் மூச்சை அடைத்துவிடுகிறது. விரிசல் வழியே இறங்கிய நீரும் அடியிலிருந்து ஏறிய ஓதமும் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கி, பூச்சுக்குப் பின்னால் சுவரை அரிக்கின்றன.

மண்ணைப் புகழும்போது ஈரானின் பாம் நகரை மறந்துவிடக் கூடாது. 2003 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் அங்கே 26,000 பேருக்கு மேல் இறந்தார்கள். மண்சுவர் தலைமேல் பாரத்தைத் தாங்கும், பக்கவாட்டு உலுக்கலைத் தாங்காது. நிலம் நடுங்கும் ஊர்களில் மூலைகளையும் சுவர்த்தலையையும் இறுக்கிக் கட்டாத மண்வீடு ஆபத்தானது.

ஆண்டுதோறும் பூச ஊர் திரளாத இடங்களில் என்ன செய்வது? புர்கினா ஃபாசோவின் காண்டோ கிராமத்தில் பிறந்த கட்டடக் கலைஞர் பிரான்சிஸ் கெரே அந்தப் பொறுப்பைக் கூரையிடம் கொடுத்தார். 2001இல் தம் ஊரில் அவர் கட்டிமுடித்த தொடக்கப் பள்ளியின் சுவர்கள், சிறிது சிமென்ட் கலந்து அச்சில் அழுத்திய மண்கற்களால் ஆனவை. புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லிலும் சுமார் 5 சதவீதம் சிமென்ட் சேர்த்து இப்படிக் கல் அறுக்கிறார்கள். காண்டோவில் வகுப்பறைக்கு மேல் மண்கல் தளம். அதற்கும் மேலே, காற்று புகும்படி தூக்கி நிறுத்திய தகரக் கூரை. சூடான காற்று தளத்து இடைவெளிகள் வழியே மேலேறிப் போய்விடும். அகன்ற இறவாணம் சுவரில் சாரல் படாமல் காக்கும்.

கரையும் மண்ணில் பள்ளிக்கூடமா என்று ஊரார் முதலில் தயங்கினார்கள். பிறகு அவர்களே கட்டினார்கள். கெரே 2022இல் கட்டடக் கலைக்கான பிரிட்ஸ்கர் விருது பெற்றார். ஆப்பிரிக்கர் ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதல்முறை. அந்தப் பள்ளிக்கு அடித்தளக் கல் சுமந்தவர்கள் பிள்ளைகள். தரையைப் போட்டவர்கள் பெண்கள்: வரிசையாகக் குனிந்து நின்று, ஒரே தாளத்தில் மண்ணை அடித்து இறுக்கினார்கள். பிறகு மண்டியிட்டு, கையில் அடங்கும் கல்லால் வழவழப்பாகும்வரை தேய்த்தார்கள்.