ஐந்து பேர் படிக்கும் பள்ளிக்கூடம்

மலைப் பள்ளிகள் – 9

சென்ற வாரம் எஸ்டேட் பள்ளிகளைப் பற்றி எழுதியதைப் படித்த கல்லூரி மாணவி ஒருவர், “இந்தப் பள்ளிக்கூடத்தை நான் ஏற்கெனவே ஓர் அனிமேயில் பார்த்திருக்கேன்” என்றார். பெயர் கேட்டேன். ‘நோன் நோன் பியோரி’ என்றார். பார்த்து முடித்ததும், இந்த வாரத்துக்கென்று வைத்திருந்த விஷயத்தைத் தள்ளி வைத்துவிட்டேன். நீலகிரியில் பள்ளிக்கூடம் போகும் சிறுமிகளைப் பற்றி எனக்குச் சொல்ல இருந்ததில் பாதியை அந்தச் சிரிப்புத் தொடர் அழகாகச் சொல்லிவிட்டது.

அட்டோ என்பவர் 2009-இல் வரையத் தொடங்கி 2021-இல் முடித்த படக்கதை இது. 2013, 2015, 2021 என்று மூன்று பருவங்களாக அனிமே ஆனது. இடையில் 2018-இல் ஒரு திரைப்படமும் வந்தது. கதை நடக்கும் கிராமத்துக்கு எப்போதாவதுதான் ஒரு பஸ். அங்கே ஒரு பழைய மரக்கட்டடப் பள்ளி. ஒன்றாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை சேர்த்து ஐந்தே ஐந்து பிள்ளைகள். எல்லோருக்கும் ஒரே அறை. டீச்சர் பாதி நேரம் மேசையில் கவிழ்ந்து தூங்குவார்; பிள்ளைகள் அவரவர் பாடத்தை அவரவரே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். சைத்தாமா மாகாணத்தில் ஒகாவா என்ற ஊரில் மூடப்பட்ட ஒரு பள்ளியைப் பார்த்துத்தான் இந்தக் கட்டடத்தை வரைந்தார்கள். ரசிகர்கள் இன்றும் அதைத் தேடிப் போய்ப் பார்க்கிறார்கள்.

அந்த ஐந்து பேரில் நான்கு பேர் சிறுமிகள். ரெங்கே ஒன்றாம் வகுப்பு. முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் பெரிய பெரிய கேள்வி கேட்பவள். அப்பாவின் வேலை மாற்றத்தால் டோக்கியோவிலிருந்து வந்து சேரும் ஹொதாரு ஐந்தாம் வகுப்புதான். பார்ப்பவர்கள் கல்லூரிப் பெண் என்று நினைக்கும் உயரம். கொமாரி எட்டாம் வகுப்பு. அவளை எல்லோரும் சின்னப் பாப்பா என்று நினைத்துவிடுவார்கள், அதுதான் அவளுடைய தீராத கவலை. அவள் தங்கை நத்சுமி படிப்பில் சுமார், குறும்பில் முதல். ஐந்தாவதாகக் கொமாரிக்கும் நத்சுமிக்கும் அண்ணன் ஒருவன் இருக்கிறான்; தொடர் முழுக்க அவன் வாயே திறப்பதில்லை. வயது, உயரம், ஊர், குணம் என்று எதிலும் ஒட்டாத இந்தப் பிள்ளைகள் சேர்ந்து நடக்கிறார்கள், மிட்டாய்க் கடைக்குப் போகிறார்கள், மழையில் மாட்டிக்கொள்கிறார்கள். கதை என்று சொன்னால் அவ்வளவுதான்.

இதை ஜப்பானிய விசித்திரம் என்று நீலகிரிக்காரர் யாரும் நினைக்கமாட்டார்கள். இங்கே ஈராசிரியர் பள்ளி புதிதல்ல. இரண்டு ஆசிரியர்கள், ஐந்து வகுப்புகள். ஒருவர் பயிற்சிக்கோ அலுவலகத்துக்கோ போய்விட்டால் மற்றவர்தான் ஐந்துக்கும். செயல்வழிக் கற்றல் தமிழகமெங்கும் பரவிய 2007, 2008 காலத்தில், ஒன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் ஒரே பாயில் உட்கார்ந்து அவரவர் அட்டையை எடுத்துப் படிக்கும் ஏற்பாடு வந்தது. சமவெளியின் பெரிய பள்ளிகளில் அது பெரிய மாற்றம். மலையின் சின்னப் பள்ளிகளோ வேறு வழியின்றி முன்பிருந்தே அப்படித்தான் நடந்துகொண்டிருந்தன. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை நான்காம் வகுப்பு அக்காவிடம் கேட்டுத்தான் எழுத்துக் கூட்டும்.

பிள்ளைகள் குறைந்ததற்குக் காரணம் உண்டு. 2001 மக்கள்தொகைக் கணக்கில் நீலகிரியில் 7.62 லட்சம் பேர் இருந்தார்கள். 2011-இல் 7.35 லட்சம். மாவட்டமே இளைத்துப்போனது. 1990-களின் கடைசியில் பச்சைத் தேயிலை விலை சரிந்ததும், இரண்டு ஏக்கர் மூன்று ஏக்கர் வைத்திருந்த சிறு விவசாயிகள் நிலைகுலைந்தார்கள். எஸ்டேட் கூலியை மட்டும் நம்பி இருந்தவர்கள் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் கோவைக்கும் இறங்கினார்கள். வீடு பூட்டிய இடத்தில் பள்ளிப் பதிவேட்டில் ஒரு பெயர் குறையும். ஜப்பானிலும் பிறப்பு குறைந்து, இளைஞர்கள் நகரத்துக்குப் போய், ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் பள்ளிகள் மூடப்படுகின்றன. நோன் நோன் பியோரியின் சிரிப்புக்கு அடியில் இந்தச் சோகம் இருக்கிறது. தொடர் அதை ஒரு முறைகூட வாய்விட்டுச் சொல்வதில்லை. அந்த அடக்கம் எனக்கு மிகவும் பிடித்தது.

ஆனால் பொருத்தமின்மை என்று பார்த்தால் நம் மலைப்பிள்ளைகள் ஹொதாருவையும் ரெங்கேயையும் தூக்கிச் சாப்பிட்டுவிடுவார்கள். 1964-இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து 5,25,000 பேரை ஏற்றுக்கொள்ள இந்தியா ஒப்புக்கொண்டது. வந்தவர்களுக்கு வேலை கொடுக்க 1968-இல் அரசே தேயிலை நடத் தொடங்கியது. 1976-இல் அது டேன்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகம் ஆனது. கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர் என்று அந்தக் குடும்பங்கள் ‘லைன்’ எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளில் குடியேறின. ஊர்க்காரர்கள் வாயில் அவர்கள் ‘சிலோன்காரங்க’. அவர்களின் பேத்திக்குப் பக்கத்தில் ஹட்டி எனப்படும் படகர் ஊரிலிருந்து வந்த பெண் உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு அடுத்து இருளர் குடியிருப்பிலிருந்து வருபவள். கூடலூர்ப் பக்கம் போனால் பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர் பிள்ளைகளும், வீட்டில் மலையாளம் பேசும் பிள்ளைகளும். ஆளுக்கொரு வீட்டுமொழி. பள்ளித் தமிழ் இவர்களில் பலருக்குப் பள்ளிக்கூடத்தில்தான் அறிமுகமாகும். முதல் மாதம் முழுக்க ஒருத்தி சொல்வது மற்றவளுக்குப் பாதிதான் புரியும். அந்தப் பாதியை வைத்துக்கொண்டே விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

இவர்களைத் தோழிகளாக்குவது வகுப்பறை மட்டும்தானா என்று யோசித்துப் பார்க்கிறேன். எனக்கென்னவோ வழிநடைதான் பெரிய காரணமாகப் படுகிறது. காலையில் அம்மாக்கள் பெரட்டு எனப்படும் ஆள்கணக்கெடுப்புக்கும் கொழுந்து பறிக்கவும் போய்விடுவார்கள். பிள்ளைகளைக் கொண்டுவிட ஆள் கிடையாது. தேயிலைக்கு நடுவே போகும் பாதையில் கரடி வரும், காட்டெருமை நிற்கும். அதனால் கூட்டமாகத்தான் போக வேண்டும். லைனிலிருந்து இரண்டு பேர் புறப்பட்டால், வளைவில் ஹட்டிப் பெண் சேர்ந்துகொள்வாள். பாலத்தருகே இன்னும் மூன்று பேர். யாரோடு போகலாம் என்று தேர்ந்தெடுக்கிற வசதி இந்தப் பாதையில் யாருக்கும் இல்லை.

கொடநாடு போகிற சாலையில் ஒரு சாயங்காலம் அப்படியொரு கூட்டத்தைப் பார்த்தேன். முன்னால் எட்டாம் வகுப்பு இருக்கும், இரட்டைச் சடை போட்ட பெண். முதுகில் தன் பை, மார்பில் இன்னொரு சின்னப் பை. சின்னப் பைக்குச் சொந்தக்காரி கையை வீசிக்கொண்டு பின்னால் வருகிறாள். கால்சட்டைக்கு மேல் பாவாடை, அதற்கு மேல் முழங்கால் வரை தொங்கும் யாரோ ஒருவருடைய ஸ்வெட்டர். சாலையோரத் தேயிலைக்குள் காட்டெருமைகள் நின்றன. பெரியவள் கையை நீட்டியதும் மொத்தக் கூட்டமும் நின்றது.

“மாடு போயிருச்சாக்கா?”

“இரு, இன்னும் ரெண்டு இருக்கு.”

“நான் வேணா போய்ப் பாத்துட்டு வரவா?”

“ஆமா, உன்னப் பாத்ததும் பயந்து ஓடிரும் பாரு!”

சிரித்தால் மாடு மிரளும் என்று எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அடக்கிய சிரிப்பு ஒருத்தியிடமிருந்து இன்னொருத்திக்குத் தாவி, கடைசியில் எல்லோருடைய தோளும் குலுங்கியது. காட்டெருமைகள் தங்கள் பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருந்தன. பிள்ளைகள் வீடு போய்ச் சேர அன்று வெகுநேரம் ஆகியிருக்கும்.

ஜப்பானில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் தெருவாரியாகக் கூடிக் கூட்டமாக நடந்து பள்ளி போகும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. மூத்த வகுப்புப் பிள்ளை முன்னால் நடக்கும், சின்னதுகள் நடுவில். சாலை விபத்துக்குப் பயந்து அவர்கள் செய்வதைக் கரடிக்குப் பயந்து நம் பிள்ளைகள் செய்கிறார்கள். பத்து நிமிடமோ ஒரு மணி நேரமோ, பெரியவர் யாரும் கூட இல்லாத அந்த நேரத்தில்தான் பெரியவள் சின்னவளுக்குப் பொறுப்பாகிறாள், சின்னவள் பெரியவளிடம் செல்லம் கொஞ்சுகிறாள், சண்டை போடுகிறாள். நோன் நோன் பியோரியிலும் நல்ல காட்சிகள் பெரும்பாலும் வழியில்தான் நடக்கின்றன.

பொருந்தாத பள்ளிப் பெண்கள் தோழிகளாகும் அனிமேக்களுக்குப் பெரிய வாசலைத் திறந்தது ‘அசுமாங்கா தாய்ஓ’. கியோஹிகோ அசுமா 1999 முதல் 2002 வரை நான்கு கட்டச் சித்திரங்களாக வரைந்தது; 2002-இல் ஜே.சி. ஸ்டாஃப் நிறுவனம் அனிமே ஆக்கியது. பத்து வயதிலேயே மேல்நிலைப் பள்ளிக்கு வந்துவிட்ட சியோ. எல்லோரும் பார்த்துப் பயப்படும் உயரமான சகாகி, அவளுக்கோ பூனை என்றால் உயிர், பூனைகளோ அவள் கையைக் கடிக்கும். ஒசாகாவிலிருந்து வந்த ஒரு பெண்ணை வகுப்பே ‘ஒசாகா’ என்று கூப்பிடத் தொடங்கிவிடும். ஒசாகாக்காரர்கள் வாயாடிகள் என்று எதிர்பார்த்தால் அவள் கனவில் மிதக்கும் மந்தமான பெண். விடுதியில் தங்கிப் படித்த மலைப்பெண்களுக்கு இது தெரிந்த கதைதான். பந்தலூரிலிருந்து வந்தவள் ‘பந்தலூர்’, மஞ்சூரிலிருந்து வந்தவள் ‘மஞ்சூர்’. கல்யாணப் பத்திரிகையைப் பார்த்த பிறகுதான் தோழியின் சொந்தப் பெயர் நினைவுக்கு வரும்.

இந்த இரண்டு தொடர்களையும் நான் மதிப்பதற்குக் காரணம், இவற்றில் யாரும் யாரையும் திருத்துவதில்லை. சகாகியைக் கலகலப்பானவளாக மாற்ற யாரும் முயல்வதில்லை. நத்சுமி கடைசிவரை படிப்பதில்லை. நம் சினிமாவில் இரண்டு பெண்கள் தோழிகளானால் இடைவேளைக்குப் பிறகு ஒருத்தி மற்றவளுக்காகத் தியாகம் செய்தாக வேண்டும், அல்லது ஒரு பையனுக்காக இருவரும் முட்டிக்கொள்ள வேண்டும். இங்கே ஒருத்தி இருக்கிறபடியே இருக்கலாம் என்பதுதான் நட்பின் முழு ஏற்பாடும்.

நோன் நோன் பியோரியின் முதல் பருவத்தில் நான்காம் பகுதி. கோடை விடுமுறைக்குப் பாட்டி வீட்டுக்கு வந்த ஹொனோகா என்ற சிறுமியை ரெங்கே சந்திக்கிறாள். கையில் கேமரா வைத்திருக்கும் அவளும் ஒன்றாம் வகுப்பு. ரெங்கேயின் வாழ்க்கையில் அவளுக்குச் சம வயதில் கிடைத்த முதல் தோழி. இருவரும் ஊரெல்லாம் சுற்றுகிறார்கள். ஒருநாள் ரெங்கே கூப்பிடப் போகிறாள். பாட்டி கதவைத் திறந்து, அவள் அப்பாவுக்கு அவசர வேலை, எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள் என்கிறார். அதன்பின் கேமரா ரெங்கேயின் முகத்தை விட்டு நகர்வதில்லை. சொல் இல்லை, அசைவும் இல்லை. கேட்டது மெல்ல மெல்ல உள்ளே இறங்கி, கண்ணில் நீர் திரள்கிறது. அழு என்று பார்ப்பவரை இசை தூண்டவும் இல்லை. பின்னால் கடிதமும் புகைப்படமும் வந்துசேர்கின்றன. ஆனாலும் அந்த முகம் மனதைவிட்டுப் போகாது. ஏப்ரல், மே சீசனுக்கு உறவுக்காரர் வீட்டுக்கு மேலே வரும் நகரத்துப் பிள்ளைகளோடு விளையாடிவிட்டு, ஜூனில் தனியாக நிற்கும் பிள்ளைகளை நான் அறிவேன். அவர்களுக்கு யாரும் கடிதம் போடுவதில்லை.

மூன்றாம் பருவத்தின் கடைசியில் பேசாத அண்ணன் படிப்பை முடித்துப் போகிறான். புதிதாக ஒரு குட்டிப் பெண் ஒன்றாம் வகுப்பில் சேர்கிறாள். இதுவரை எல்லோருக்கும் கடைக்குட்டியாக இருந்த ரெங்கே அக்காவாகிறாள்.

இங்கே என்ன நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். இப்போது காலையில் ஹட்டிக்கும் எஸ்டேட் வாசலுக்கும் இங்கிலீஷ் மீடியம் பள்ளிகளின் வேன்கள் வருகின்றன. பணம் கட்ட முடிந்தவர்களின் பிள்ளைகள் ஏறிக்கொள்கிறார்கள். பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கொழுந்துக் கூடையைத் தன் மகள் சுமக்கக் கூடாது என்று நினைப்பவர்கள் அவர்கள். மிச்சம் இருப்பவர்கள் நடக்கிறார்கள். காட்டையொட்டிய தொலைதூரக் குடியிருப்புகளுக்கு அரசுச் செலவில் ஜீப் வருகிறது. அது அவசியம், இன்னும் கூடுதலாக வேண்டும். ஆனால் ஒரே லைனில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருக்கும் இரண்டு சிறுமிகள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்த்துக்கொள்ளும் நிலை வந்துவிட்டது. பிள்ளைகள் குறைந்த பள்ளியை மூடிப் பக்கத்துப் பள்ளியோடு சேர்க்கலாமா என்று பேசும்போதெல்லாம் கட்டடம், ஆசிரியர், செலவு என்று கணக்குப் போடுகிறோம். எட்டாம் வகுப்புக்காரி சுமந்த அந்தச் சின்னப் பையையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று பிடிவாதமாகக் கேட்பேன். முதலில் அந்த வழிநடைப் பாதைகளுக்கு அரசு விளக்கும் காவலும் போடட்டும்.

அடுத்த வாரம் விடுதிப் பள்ளிகளுக்குப் போகிறோம். எனிட் பிளைட்டனின் செயின்ட் கிளேர்ஸ் கதைகளை 1991-இல் டோக்கியோ மூவி ஷின்ஷா நிறுவனம் 26 பகுதி அனிமேயாக எடுத்தது. அந்த ஆங்கிலேய விடுதிப் பெண்களையும், 1858-இல் தொடங்கி லவ்டேலில் நிலைகொண்ட லாரன்ஸ் பள்ளியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

(தொடரும்)