உங்களுக்குத் தெரியுமா? அன்று கேலி... இன்று பாடப்புத்தகம்!

அல்சர் எதனால் வருகிறது? காரம், டென்ஷன், நேரம் தவறிய சாப்பாடு! உலகத்து டாக்டர்கள் எல்லாம் அப்படித்தான் சொல்லி வந்தார்கள். 'இல்லை, ஒரு கிருமிதான் காரணம்' என்றார் ஆஸ்திரேலிய டாக்டர் பாரி மார்ஷல். 1983-ல் அந்நாட்டுக் குடல்நோய் மருத்துவர்கள் மாநாட்டுக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்பினார். மொத்தம் வந்தவை 67. ஏற்றுக்கொண்டவை 56. தள்ளுபடியான 11-ல் மார்ஷலுடையதும் ஒன்று!

மனுஷன் விடவில்லை! 1984-ல், நோயாளி வயிற்றிலிருந்து எடுத்து வளர்த்த கிருமியைக் கலக்கித் தானே குடித்துவிட்டார். மனைவியிடம்கூட முன்கூட்டி மூச்சுவிடவில்லை! சில நாளில் குமட்டல், வாந்தி, வாய் நாற்றம். 10-ம் நாள் எண்டோஸ்கோபி செய்தால், வயிற்றில் அழற்சி, அதில் அதே கிருமி! 2005-ல் சக ஆய்வாளர் ராபின் வாரனுடன் சேர்த்து நோபல். இன்று அல்சருக்கு டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதுகிறாரே, அன்று குடித்த குடிக்குப் புண்ணியம்!

வானத்திலிருந்து கல் விழுமா? 'விழும்' என்று 1794-ல் புத்தகமே போட்டார் ஜெர்மனியின் கிளாட்னி. அறிஞர்கள் சிரித்தார்கள். 1803 ஏப்ரல் 26, பிரான்ஸின் லேக்ல் ஊர். பட்டப்பகலில் கொட்டிய கற்கள் சுமார் 3,000!

பிரசவ வார்டுக்குள் நுழையுமுன் டாக்டர்கள் கையைக் குளோரின் நீரில் கழுவ வேண்டும்! 1847-ல் வியன்னாவில் டாக்டர் செம்மல்வைஸ் போட்ட உத்தரவு இது. ஏப்ரலில் 100 தாய்மாருக்கு 18 பேர் இறந்த வார்டில், ஜூனில் இறந்தவர்கள் 2 பேர்தான்! அப்படியும் பெரிய டாக்டர்கள் நம்பவில்லை. 1865-ல் மனநலக் காப்பகத்தில் அடைக்கப்பட்டு, இரண்டே வாரத்தில் இறந்தார் அந்தப் புண்ணியவான். வயது 47!

நம் சென்னை மாநிலக் கல்லூரி மாணவர் சந்திரசேகர் 1930-ல் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். வயது 19. போகிற வழியிலேயே போட்ட கணக்கு: வெள்ளைக் குள்ள விண்மீனின் எடைக்கு ஓர் எல்லை உண்டு! சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு. அதைத் தாண்டினால் அந்த விண்மீன் தன்னைத் தாங்காது!

1935 ஜனவரி 11. லண்டன் ராயல் வானியல் கழகக் கூட்டம். சந்திரசேகர் பேசி அமர்ந்ததும் எழுந்தார் எடிங்டன். அன்றைய வானியலின் சக்கரவர்த்தி! விண்மீன் அப்படியெல்லாம் நடந்துகொள்ளாது என்று கேலி செய்தார். அரங்கமே சிரித்தது. சரியாகச் சொன்னவர் 24 வயது இளைஞர்! 1983-ல் நோபல் அறிவிப்பு வந்த அக்டோபர் 19, அவருடைய 73-வது பிறந்தநாள்! 1999-ல் நாசா விண்வெளிக்கு அனுப்பிய எக்ஸ்ரே தொலைநோக்கியின் பெயர் என்ன தெரியுமா? சந்திரா!

அதே 1983-ல் மருத்துவ நோபலும் ஒதுக்கப்பட்ட ஒருவருக்கே! மக்காச்சோள மணிகளின் நிறத்தைப் பார்த்தே 'மரபணு இடம்விட்டு இடம் தாவும்' என்று கண்டுபிடித்த பார்பரா மெக்ளின்டாக். 1951-ல் சொன்னபோது சீந்துவாரில்லை. பரிசுச் செய்தியை ரேடியோவில்தான் கேட்டார். வீட்டில் போனே கிடையாது! வயது 81!

1982 ஏப்ரல் 8. இருக்கவே முடியாது என்று நினைத்த ஒரு படிக அமைப்பு விஞ்ஞானி டான் ஷெக்ட்மனின் மைக்ராஸ்கோப்பில் தெரிந்தது. நோட்டில் குறித்துவிட்டுப் பக்கத்தில் அவர் போட்ட கேள்விக்குறிகள் மூன்று! 'போய்ப் பாடத்தைப் படி' என்று கையில் புத்தகத்தைத் திணித்தார் அவருடைய ஆய்வுக் குழுத் தலைவர். பிறகு குழுவை விட்டே போகச் சொன்னார்கள். இரண்டு நோபல் வாங்கிய லைனஸ் பாலிங்கே கடைசிவரை எதிர்த்தார்! 2011 வேதியியல் நோபல் முழுவதும் ஷெக்ட்மன் ஒருவருக்கே!

கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டீர்களா? எம்ஆர்என்ஏ ஊசிக்கு வழிபோட்ட கேட்டலின் கரிகோவை, 1995-ல் அவர் வேலை பார்த்த பல்கலைக்கழகம் பதவி இறக்கியது. நோபல் தேடி வந்தது 2023-ல்!

கோழிக்கு வரும் ஒருவகைப் புற்றுநோயை வைரஸ் பரப்பும் என்று நியூயார்க்கின் பெய்ட்டன் ரவுஸ் எழுதியது 1911-ல். 'கோழிக்குத்தானே!' என்று ஒதுக்கிவிட்டார்கள். நோபல் கொடுத்தது 1966-ல். ஆக, காத்திருந்தது 55 ஆண்டுகள். மேடை ஏறும்போது அவருக்கு வயது 87!