அப்பாவுக்கு 70 ஆகிடுச்சா? ஆயுஷ்மான் அட்டை எடுக்கும் முன் இதைப் படிங்க

“அதெல்லாம் ஏழைங்களுக்கு, நமக்குக் கிடைக்காது.” அரசு மருத்துவக் காப்பீடு என்றதும் ஐடி வேலையில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் பேச்சு இப்படித்தான் முடியும். 70 வயதைத் தொட்டவர்களுக்கு இது பழைய கதை. 2024 அக்டோபர் 29 அன்று ஆயுஷ்மான் பாரத் திட்டத்தை அவர்களுக்கு விரிவாக்கியபோது, மத்திய அரசு வருமான வரம்பு எதுவும் வைக்கவில்லை. மகன் லட்சத்தில் சம்பளம் வாங்கினாலும் அப்பாவுக்கு ‘ஆயுஷ்மான் வய வந்தனா’ அட்டை உண்டு.

வயதுக்கு ஆதார் கார்டுதான் கணக்கு. அதில் பிறந்த வருஷம் தப்பாக இருந்தால் (பல பெரியவர்களுக்கு அப்படித்தான் இருக்கு) முதலில் அதைத் திருத்தணும்.

ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. ஆனால் இது ஆளுக்கு இல்லை, குடும்பத்துக்கு. அப்பா, அம்மா இருவருமே 70 தாண்டியவர்கள் என்றால் அதே 5 லட்சத்தைப் பகிர்ந்துக்கணும். அப்பாவுக்கு 73, அம்மாவுக்கு 66 என்றால்? அம்மா இதில் வரமாட்டார். தமிழ்நாட்டில் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1.2 லட்சத்துக்குள் இருந்தால், அவருக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் கைகொடுக்கும். அதைத் தாண்டினால் ஆபீஸ் பாலிசியோ தனியார் பாலிசியோதான்.

இந்த அட்டையின் பெரிய பலம், சர்க்கரை, பிபி, இதய நோய் ஏற்கெனவே இருந்தாலும் முதல் நாளிலிருந்தே பயன்படுத்தலாம் என்பது. தனியார் பாலிசியில் இதற்கே 3 வருஷம் வரை காக்க வைக்க முடியும்.

சிக்கல் எங்கே? அட்மிட் ஆனால்தான் பணம் வரும். மாதாமாதம் வாங்கும் மாத்திரையும் ஓபி ஃபீஸும் நம்ம கையிலிருந்துதான். அட்மிஷனுக்கு முந்தைய 3 நாள், டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய 15 நாள் செலவு மட்டும் சேரும். திட்டத்தில் இணைந்த மருத்துவமனையாகவும் இருக்கணும். வழக்கமாகப் போகும் டாக்டர் அங்கே இல்லாமலும் போகலாம்.

அதனால் இந்த அட்டையை நம்பி ஓடிக்கொண்டிருக்கும் பாலிசியை நிறுத்திவிட வேண்டாம். தனியார் காப்பீடு, இஎஸ்ஐ இருப்பவர்களும் இதை எடுக்கலாம். மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கான சிஜிஎச்எஸ், முன்னாள் ராணுவத்தினருக்கான இசிஎச்எஸ் இருப்பவர்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கணும். அதில் ஓபி, மருந்து எல்லாம் கிடைப்பதால், விட்டுக்கொடுக்கும் முன் நன்றாக யோசிக்கணும்.

ஆயுஷ்மான் செயலியில் ஆதார் ஓடிபி போட்டுப் பதியலாம். பக்கத்தில் எந்த மருத்துவமனை, எந்தப் பிரிவு இதில் இருக்கிறது என்பதை 14555-க்கு போன் போட்டு இப்பவே கேட்டு வையுங்க. ராத்திரி 2 மணிக்கு ஆம்புலன்ஸில் உட்கார்ந்து தேட முடியாது.