முன்பருவப் பள்ளி: எந்தக் குடும்பத்திற்கு உரிமை உண்டு?

மூன்று வயது நிரம்பிய குழந்தையை எங்கே சேர்ப்பது என்பது வசதியுள்ள குடும்பத்திற்கு விருப்பம் பற்றிய கேள்வி. அன்றாடக் கூலியை நம்பி வாழும் குடும்பத்திற்கோ அது தகுதி பற்றிய கேள்வியாகி விடுகிறது. நமக்கெல்லாம் கிடைக்குமா என்று தயங்கி, எவரையும் கேளாமலே விட்டுவிடுவோர் பலர். அரசின் செலவில் முன்பருவக் கல்வி பெறுவதற்கு நாட்டில் இன்று முக்கியமான வழிகள் இரண்டு உள்ளன. ஒன்று அங்கன்வாடி, மற்றொன்று தனியார் பள்ளிகளில் ஒதுக்கப்படும் இடங்கள். இவ்விரண்டின் தகுதி விதிகளும் முற்றிலும் வேறுபட்டவை. ஒன்றின் விதியை மற்றொன்றுக்குப் பொருத்திப் பார்ப்பதாலேயே குழப்பம் மிகுதியாகிறது.

அங்கன்வாடிக்கு வருமான வரம்பு இல்லை

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2ஆம் நாள் 33 வட்டாரங்களில் சோதனை முறையில் தொடங்கப்பெற்றது. ஊட்ட உணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மருத்துவமனைக்குப் பரிந்துரைத்தல், தாய்மார்க்கு நலக் கல்வி ஆகியவற்றுடன், மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு முன்பருவக் கல்வியும் அதன் பணிகளுள் ஒன்று. தொடக்கத்தில் பின்தங்கிய பகுதிகளே தெரிந்தெடுக்கப்பட்டமையால், இது ஏழைகளுக்கு மட்டுமே உரிய திட்டம் என்ற எண்ணம் மக்களிடையே வேரூன்றியது. சில இடங்களில் பணியாளர்களும் அவ்வாறே கருதினர்.

இவ்வெண்ணத்தை உச்ச நீதிமன்றம் 2004ஆம் ஆண்டிலேயே நீக்கிவிட்டது. வறுமைக் கோட்டிற்குக் கீழே உள்ளவர் என்பதைத் தகுதியாகக் கொள்ளலாகாது என்று அது ஆணையிட்டது. 2006 டிசம்பரில் மேலும் ஒருபடி சென்று, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் 40 பேரேனும் இருந்தும் மையம் இல்லாத சிற்றூர் மக்களும் குடிசைப் பகுதி மக்களும் கேட்டால், மூன்று மாதங்களுக்குள் அங்கன்வாடி அமைத்துத் தர வேண்டும் என்று விதித்தது. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு அங்கன்வாடி வழியே விலையின்றி உணவு பெறும் உரிமையைச் சட்டமாக்கியது. ஆகவே இங்கே வருமானச் சான்று வேண்டியதில்லை. சாதிச் சான்றும் வேண்டியதில்லை. குழந்தையின் வயதும் குடியிருக்கும் இடமுமே போதும். அரசுத் திட்டங்களில் இத்துணை எளிய விதி அரிதாகவே காணப்படுகிறது.

எனினும், விதி எளிதாயிருப்பதால் மட்டும் குழந்தை மையத்தை அடைந்துவிடுவதில்லை. அங்கன்வாடிப் பணியாளர் தம் பகுதியில் வீடுவீடாகச் சென்று கணக்கெடுக்கிறார். செங்கற் சூளைக்கோ கட்டட வேலைக்கோ ஆறு மாதம் வந்து தங்கும் குடும்பம் அக்கணக்கில் விடுபட்டுப் போவதுண்டு. தாயும் தந்தையும் விடியுமுன் வேலைக்குச் சென்றுவிட, ஐந்து வயது அக்காள் மூன்று வயதுத் தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள். இருவருமே மையத்திற்கு உரியவர்கள். இருவருமே அங்கு இல்லை. சொந்த ஊரில் பதிவு செய்த குழந்தையை, தங்கியிருக்கும் ஊரின் மையத்திற்கு மாற்றிக்கொள்ள இப்போதைய கணினிப் பதிவுமுறையில் வழியுண்டு. இதனை அறிந்த குடும்பங்கள் குறைவு. குழந்தைக்கு ஆதார் எண் இல்லையெனினும் தாயின் எண்ணைக் கொண்டு பதிவு செய்யலாம்.

நாட்டில் இன்று ஏறத்தாழ 14 லட்சம் மையங்கள் உள்ளன. பதிவேடுகள், உணவு, கணக்கெடுப்பு எனப் பல பொறுப்புகளைச் சுமக்கும் ஒரே பணியாளரிடம் பாட்டுக்கும் கதைக்கும் எஞ்சும் நேரம் சிறிதே என்பதையும் மறைப்பதற்கில்லை. தனியார் பள்ளியைப் பெற்றோர் நாடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தனியார் பள்ளியில் நான்கில் ஒரு பங்கு

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகள் முதல் வகுப்பில் குறைந்தது 25 சதவீத இடங்களை நலிந்த பிரிவினர்க்கும் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினர்க்கும் அளிக்க வேண்டும் என்கிறது. பள்ளியில் மழலையர் வகுப்பு இருந்தால் அந்த வகுப்பிற்கும் இவ்விதி பொருந்தும். கட்டணத்தை ஒரு வரையறைக்குட்பட்டு அரசு ஈடுசெய்கிறது. இவ்வாறு சேரும் குழந்தை எட்டாம் வகுப்பு முடிக்கும் வரை கட்டணமின்றிப் பயிலலாம்.

முதல் வகுப்பிற்குத்தானே சட்டம், குழந்தைக்கு ஆறு வயதாகட்டும் என்று காத்திருக்கும் பெற்றோர் ஏமாற்றம் அடைகின்றனர். எல்.கே.ஜி.யில் தொடங்கும் பள்ளியில் இடங்கள் எல்.கே.ஜி.யிலேயே நிரம்பிவிடும். மூன்று வயதில் தவறவிட்ட வாய்ப்பு பெரும்பாலும் மீண்டும் வாய்ப்பதில்லை.

தகுதி இருவகை. நலிந்த பிரிவு என்பது வருமானத்தைப் பொறுத்தது. வரம்பை மாநில அரசே வகுக்கிறது. தமிழ்நாட்டில் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது விதி. வேறு மாநிலங்களில் இவ்வரம்பு வேறுபடுகிறது. வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவிலோ பட்டியல் சாதியினர், பழங்குடியினர், சமூக நிலையிலும் கல்வியிலும் பின்தங்கியோர், 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி மாற்றுத்திறன் குழந்தைகள் ஆகியோர் அடங்குவர். இப்பிரிவிற்குச் சட்டத்தின் வாசகத்தில் வருமான வரம்பு கூறப்படவில்லை. ஆயினும் தில்லியில் பிற்படுத்தப்பட்டோருள் வசதி படைத்த மேல்தட்டினர் விலக்கப்பட்டுள்ளனர். எனவே தம் மாநிலத்தின் அறிவிப்பைப் பார்ப்பதே சரியான முறை; உறவினர் வேறு மாநிலத்தில் பெற்ற அனுபவம் இங்கே வழிகாட்டியாகாது.

குடும்பம் தகுதி பெற்றிருந்தும் பள்ளி தகுதி பெறாமற் போகலாம். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு 2014ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி இச்சட்டம் பொருந்தாது. தொடக்க வகுப்புகள் இல்லாமல் தனித்து நடக்கும் மழலையர் பள்ளிகளும் இதன் வரையறைக்குள் வருவதில்லை. வீட்டிலிருந்து பள்ளி இருக்கும் தொலைவும் கணக்கிடப்படும். அண்மையில் அரசுப் பள்ளி இருந்தால் தனியார் பள்ளியில் ஒதுக்கீடு தேவையில்லை என்று கருநாடகம் 2019இல் விதியைத் திருத்தியது. அதே நோக்குடன் மகாராஷ்டிரம் 2024இல் செய்த திருத்தத்தை உயர் நீதிமன்றம் செல்லாதென அறிவித்தது.

விண்ணப்பங்கள் இடங்களைவிட மிகுதியானால் குலுக்கல் நடைபெறும். நேர்முகத் தேர்வு வைப்பதற்கும் நன்கொடை வாங்குவதற்கும் சட்டத்தில் இடமில்லை. சீருடை, நூல்கள், வண்டி என்ற பெயர்களில் பணம் கேட்கப்படுவதாகப் பல மாநிலங்களில் முறையீடுகள் எழுந்துள்ளன; சேருமுன் இதை விசாரித்தறிவது நன்று.

இனி, காகிதங்கள். பிறப்புச் சான்று, முகவரிச் சான்று, வருமானச் சான்று அல்லது சாதிச் சான்று ஆகியவை கோரப்படும். வயதுச் சான்று இல்லை என்ற காரணத்தால் மட்டும் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று 14ஆம் பிரிவு கூறுகிறது. வருமானச் சான்றோ வருவாய்த் துறையிடம் பெற வேண்டியது. மாதச் சம்பளமோ கணக்கோ இல்லாத கூலித் தொழிலாளி தம் வருமானத்தை மெய்ப்பிக்கப் பலமுறை அலைய நேரிடுகிறது. ஒவ்வொரு முறையும் ஒரு நாட்கூலி போகிறது. விண்ணப்ப அறிவிப்பு வந்தபின் சான்றுக்குச் செல்வோர் காலக்கெடுவைத் தவறவிடுகின்றனர். இரண்டு, மூன்று மாதங்களுக்கு முன்னரே இதற்கு மனுச் செய்துவிடுதல் வேண்டும்.

சேர்க்கை மறுக்கப்பட்டால் 32ஆம் பிரிவின்படி உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்து மூலம் முறையிடலாம். அது மூன்று மாதங்களுக்குள் முடிவு கூற வேண்டும். அம்முடிவில் நிறைவில்லையெனில் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்திடம் மேல்முறையீடு செய்யலாம். பள்ளி திறந்து ஒரு பருவம் கழிந்தபின் வரும் முடிவால் பயன் குறைவாதலால், மறுப்பை எழுத்தில் கேட்டுப் பெற்று, அந்த வாரத்திலேயே மனுவைக் கொடுத்துப் பெறுகைச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அதுவரை குழந்தையை அருகிலுள்ள அங்கன்வாடியில் சேர்ப்பதற்கு எத்தடையும் இல்லை.