சாரலும் சராசரியும்

குற்றாலம் சீசன் நேரத்தில் தென்காசி பஸ் நிலையத்தில் வந்து இறங்கியிருக்கிறீர்களா? தலையில் விழுவது மழையா, பனியா என்றே தெரியாது. குடை பிடிக்க வெட்கமாக இருக்கும். பிடிக்காமல் நடந்தால் பத்து நிமிடத்தில் சட்டை ஈரமாகிவிடும். அதற்குத்தான் 'சாரல்' என்று பெயர்.

ஜூன் மாதம் கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும், அந்த ஈரக் காற்று ஆரியங்காவு, செங்கோட்டைப் பக்கம் உள்ள கணவாய் வழியாக நம் பக்கம் எட்டிப் பார்க்கும். மற்ற இடங்களில் மலை குறுக்கே நின்று தடுத்துவிடுகிறது. அதனால்தான் நெல்லைச் சீமை வெயிலில் காயும்போது தென்காசியும் குற்றாலமும் மட்டும் நனைந்து கிடக்கின்றன.

இந்தச் சாரலை வைத்து இன்று ஒரு கணக்குப் போடுவோம். பயப்பட வேண்டாம். கூட்டல், கழித்தல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

முதலில், மழையை எப்படி அளக்கிறார்கள்? வாயிலிருந்து அடிவரை ஒரே அகலமாக உள்ள ஒரு பாத்திரத்தை வெட்டவெளியில் வைத்தால், அதில் தேங்கும் தண்ணீரின் உயரம்தான் மழையளவு. 1 மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டர் தரையில் 1 லிட்டர் தண்ணீர் விழுந்திருக்கிறது என்று பொருள். 100 சதுர மீட்டர் மொட்டை மாடியில் 10 மி.மீ. பெய்தால் 1,000 லிட்டர்! வானிலைத் துறையினர் தினமும் காலை 8.30 மணிக்கு அளந்து, அதுவரையிலான 24 மணி நேர மழையைக் குறித்துக்கொள்கிறார்கள்.

நான் ஆசிரியராக இருந்தபோது கரும்பலகையில் இரண்டு வாரக் கணக்கை எழுதிப் போடுவேன். உண்மையில் அளந்தது அல்ல, கணக்குக்காக நானே வைத்துக்கொண்ட எண்கள். நீங்களும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எல்லாம் மில்லிமீட்டரில்.

முதல் வாரம்: 10, 12, 9, 10, 8, 11, 10.

இரண்டாம் வாரம்: 0, 0, 0, 2, 0, 64, 4.

முதல் வாரத்து எண்களைக் கூட்டினால் 70. ஏழு நாளால் வகுத்தால் 10. இரண்டாம் வாரத்தையும் கூட்டிப் பாருங்கள். அதுவும் 70தான்! சராசரியும் அதே 10. இதைப் பாடப்புத்தகம் 'கூட்டுச் சராசரி' என்று சொல்லும்.

ஒரு வருடம் வகுப்பில் ஒரு பையன் எழுந்து கேட்டான்: "சார், ரெண்டு வாரத்துக்கும் சராசரி பத்துதானே? அப்ப ரெண்டு வாரமும் அருவியில ஒரே மாதிரிதான் தண்ணி விழுமா?" வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதுவரை நான் சூத்திரத்தைச் சொல்லிக்கொடுத்து, கூட்டி வகுக்க வைத்து, சரி போட்டுக்கொண்டிருந்தேனே தவிர, இந்தக் கேள்வியை நானே கேட்டுக்கொண்டதில்லை. அவன் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நடுவில் நிற்பவர் யார்?

முதல் வாரத்து எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்துங்கள்: 8, 9, 10, 10, 10, 11, 12. சரியாக நடுவில், நான்காவதாக நிற்பது 10. இதுதான் 'இடைநிலை அளவு'. அதிக முறை வந்திருப்பதும் 10தான். அதற்கு 'முகடு' என்று பெயர். சராசரி, இடைநிலை, முகடு மூன்றும் ஒரே எண். ஒற்றுமையான குடும்பம்!

இரண்டாம் வாரத்தை வரிசைப்படுத்தினால் 0, 0, 0, 0, 2, 4, 64. நடுவில் நிற்பது 0. அதிக முறை வந்ததும் 0. சராசரி மட்டும் 10 என்கிறது. ஆனால் அந்த வாரத்தில் எந்த நாளிலாவது 10 மி.மீ. பெய்ததா? ஒரு நாள்கூட இல்லை. ஒரே நாளில் பெய்த 64, ஏழு நாள் கணக்கையும் தன் பக்கம் இழுத்துவிட்டது. வகுப்பில் ஒரே ஒருவன் நூற்றுக்கு நூறு வாங்கி, மற்றவர்கள் எல்லாம் இருபது வாங்கினால் வகுப்புச் சராசரி இருபதுக்கு மேலே ஏறிவிடுகிறதல்லவா, அதே கதைதான். இடைநிலை அப்படி இழுபடாது. அந்த 64-ஐ 640 என்று மாற்றினாலும் இடைநிலை 0-விலேயே உட்கார்ந்திருக்கும்.

முகடு எதற்கு உதவும் என்று கேட்கிறீர்களா? குற்றாலத்தில் அருவிக்கரைக் கடைகளில் துண்டும் அரைக்கால் சட்டையும் தொங்குமே, அந்தக் கடைக்காரரைக் கேளுங்கள். ஒரு காலையில் பத்துச் சட்டைகள் விற்றதாக வைத்துக்கொள்வோம். அளவுகள்: 28, 30, 30, 32, 32, 32, 32, 34, 36, 38. சராசரி 32.4. அப்படி ஓர் அளவில் யாரும் தைப்பதில்லை! அதிகம் விற்றது 32 என்று அவருக்குத் தெரியும். நாளைக்கு அந்த அளவில்தான் கூடுதலாக வாங்கி வைப்பார். புத்தகம் படிக்காமலேயே முகடு பார்க்கிறவர் அவர்.

எவ்வளவு தூரம் சிதறியிருக்கிறது?

இப்போது அந்தப் பையனின் கேள்விக்கு வருவோம். இரண்டு வாரமும் ஒரே சராசரி. வித்தியாசம் எங்கே இருக்கிறது? எண்கள் சராசரியை ஒட்டி நிற்கின்றனவா, சிதறிக் கிடக்கின்றனவா என்பதில் இருக்கிறது.

இதை அளக்க மிகச் சுலபமான வழி, பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழிப்பது. அதுதான் 'வீச்சு'. முதல் வாரம்: 12 - 8 = 4. இரண்டாம் வாரம்: 64 - 0 = 64. பார்த்தீர்களா, இரண்டு வாரமும் எவ்வளவு வேறு என்று ஒரே கழித்தலில் தெரிந்துவிட்டது.

வீச்சில் ஒரு குறை உண்டு. அது இரண்டு கோடியை மட்டும் பார்க்கும். நடுவில் உள்ள ஐந்து நாளைக் கண்டுகொள்ளாது. அதனால் ஒவ்வொரு நாளும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று தனித்தனியாகப் பார்ப்போம். முதல் வாரத்தில் விலகல்கள் 0, 2, 1, 0, 2, 1, 0. கூட்டினால் 6, ஏழால் வகுத்தால் 1-க்கும் குறைவு. இரண்டாம் வாரத்தில் 10, 10, 10, 8, 10, 54, 6. கூட்டினால் 108, வகுத்தால் 15-க்கு மேல்.

பத்தாம் வகுப்புக்குப் போகும்போது 'திட்ட விலக்கம்' என்று ஒன்று வரும். பெயரைக் கேட்டு ஓட வேண்டாம். இதே விலகல்கள்தான். ஒவ்வொன்றையும் அதே எண்ணால் பெருக்கி, கூட்டி, ஏழால் வகுத்து, கடைசியில் வர்க்கமூலம் எடுப்பார்கள். முதல் வாரத்துக்கு 1.2 வரும், இரண்டாம் வாரத்துக்கு 22.1. அண்ணன், அக்காவிடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். இந்த முறையில் 54 போன்ற பெரிய விலகலுக்கு மிகக் கூடுதல் கனம் கிடைக்கும். அது நல்லதுதான். ஏனென்றால் அருவிக்கரையில் நமக்கு ஆபத்தாக வருவது அந்தப் பெரிய விலகல்தான்.

குற்றாலம் பேரருவியில் தண்ணீர் மேலிருந்து நேராக நம் தலையில் விழுவதில்லை. பாதி வழியில் உள்ள பொங்குமாங்கடல் என்ற பள்ளத்தில் விழுந்து, வேகம் தணிந்து, அதன் பிறகே கீழே இறங்குகிறது. அதனால்தான் நாம் நின்று குளிக்க முடிகிறது. வெள்ளம் பெருகினால் அந்தப் பள்ளமும் தாங்காது. தண்ணீர் பாதுகாப்பு வளைவையும் தாண்டிக் கொட்டும். அன்றைக்குக் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். முதல் வாரம் போல் பெய்தால் எல்லா நாளும் குளிக்கலாம். இரண்டாம் வாரம் போல் பெய்தால் பாதி நாள் பாறைதான் தெரியும், ஒரு நாள் அருவிப் பக்கமே போகக் கூடாது. இரண்டுக்கும் சராசரி 10!

2024-ஆம் ஆண்டு மே 17-ஆம் தேதி பழைய குற்றாலத்தில் நடந்ததைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். சீசன் தொடங்கவில்லை. கோடை விடுமுறைக்கு வந்தவர்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். மலைமேல் பெய்த மழையால் திடீரென்று காட்டாற்று வெள்ளம் வந்தது. பதறியடித்துக்கொண்டு எல்லோரும் ஓடினார்கள். 17 வயது மாணவர் ஒருவரை வெள்ளம் அடித்துச் சென்று, அவர் இறந்துபோனார். மே மாதச் சராசரியைப் பார்த்து யாராவது அந்த வெள்ளத்தை எதிர்பார்த்திருக்க முடியுமா? இன்னொன்றையும் கவனியுங்கள். அருவிக்கரையில் நிற்கும் நமக்குத் தெரிவது நம் தலைக்கு மேல் உள்ள வானம் மட்டும்தான். தண்ணீர் வருவது மலையுச்சியிலிருந்து. அளக்கும் பாத்திரத்தை எங்கே வைக்கிறோம் என்பதும் கணக்கில் சேர்ந்ததுதான்.

இதைவிடப் பெரிய விலகலையும் நம் பக்கத்தில் பார்த்திருக்கிறோம். 2023 டிசம்பர் 18 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. அந்த மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையே அதைவிடக் குறைவு. ஒரு நாளில் 20 செ.மீ.க்கு மேல் பெய்தாலே வானிலைத் துறை 'அதி கனமழை' என்று சொல்லும். மற்றதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

மழைக்கணக்கைக் கூர்ந்து படித்த ஒரு பெரியவரை இங்கே சொல்லியாக வேண்டும். பிரசாந்த சந்திர மகலனோபிஸ், கொல்கத்தாக்காரர். 1931-இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கியவர். 1926-இல் ஒரிசாவில் பிராமணி ஆறு பெருக்கெடுத்தபோது, ஆற்றின் அடித்தளம் உயர்ந்துவிட்டது, கரையை உயர்த்த வேண்டும் என்று பொறியாளர்கள் கருதினார்கள். மகலனோபிஸ் சுமார் 60 ஆண்டுகளின் மழை, வெள்ளக் குறிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அடித்தளம் உயரவில்லை, ஆற்றின் மேற்பகுதியில் பெய்த மிகுதியான மழைதான் காரணம் என்று எடுத்துக்காட்டினார். அவர் பிறந்த ஜூன் 29-ஐ 2007 முதல் தேசியப் புள்ளியியல் தினமாகக் கொண்டாடுகிறோம். நம் ஊரில் அது நல்ல சாரல் காலம்!

நாடு முழுவதுக்கும் இதே போல ஒரு கணக்கு இருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தியாவில் பெய்யும் மழையின் சராசரி 87 செ.மீ. இது 1971 முதல் 2020 வரை ஐம்பது ஆண்டுகளுக்குப் பார்த்தது. இதில் 96 முதல் 104 சதவீதத்துக்குள் பெய்தால் 'இயல்பான மழை' என்பார்கள். 2009-இல் 78 சதவீதம்தான் பெய்தது. கடும் வறட்சி ஆண்டு அது. சராசரியோடு நிறுத்தாமல், எவ்வளவு விலகலாம் என்பதற்கும் ஓர் எல்லை வைத்திருக்கிறார்கள், பாருங்கள்.

நீங்களும் செய்து பார்க்கலாம். பக்கங்கள் நேராக உள்ள ஒரு கண்ணாடிப் பாட்டிலை மரமோ கூரையோ மறைக்காத இடத்தில் வையுங்கள். குரங்கு தூக்கிப் போகாத இடமாக இருக்கட்டும். குற்றாலத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை! தினமும் காலை 8.30-க்கு ஸ்கேலால் உயரம் அளந்து எழுதிவிட்டு, தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி வையுங்கள். மழை இல்லாத நாளில் 0 என்று எழுத மறக்காதீர்கள். அதை விட்டுவிட்டால் சராசரி பொய்யாகிவிடும். ஏழு நாள் ஆனதும் சராசரி, இடைநிலை, முகடு, வீச்சு நான்கையும் கண்டுபிடியுங்கள்.

அதுவரை ஒரு புதிர். ஒரு வாரத்தின் மழைச் சராசரி 10 மி.மீ., வீச்சு 0. அப்படியானால் புதன்கிழமை எவ்வளவு மழை பெய்தது?

(விடை: 10 மி.மீ. வீச்சு 0 என்றால் ஏழு நாளும் ஒரே அளவுதான் பெய்திருக்க வேண்டும்.)